கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழரங்கம்: மரியானோ ரிவேராவைத் தேடிப் போன ஒரு நாள்

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஓட்சேகோ ஏரியின் தென்கரையில், இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் அமெரிக்கத் தேசிய பேஸ்பால் புகழரங்கமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கார் ஓட்டி, 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் என் மகளும் அங்கே போய் வந்தோம். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி சாஃப்ட்பால் அணியில் பந்து வீசுகிறாள். நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டங்களைப் பார்த்து வருகிறவன். நாங்கள் போனது முக்கியமாக ஒரே ஒருவருக்காக. அந்த அணியில் 19 பருவங்கள் ஆடி, அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை மட்டும் வீசிக்கொடுத்த மரியானோ ரிவேரா என்ற பனாமா நாட்டுக்காரர்தான் அவர். ஆகவே இந்த மதிப்புரை அருங்காட்சியகம் முழுவதையும் பற்றியதல்ல. ஆட்டத்தின் இடையில் மாற்றாக வந்து வீசும் ஒரு ரிலீஃப் பந்துவீச்சாளரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு அந்த இடம் எவ்வளவு உதவுகிறது என்பதைப் பற்றியது.

அருங்காட்சியகம் 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. ஆப்னர் டபுள்டே என்பவர் 1839இல் இந்த ஊரில்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்ற கதையின் நூற்றாண்டைக் கொண்டாடவே அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்பதை இன்று வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். தவறான காரணத்துக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்த அருங்காட்சியகம், ஊரின் அமைதியால் இங்கேயே பொருந்திப்போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பெருநகரத்தில் இருந்திருந்தால் இவ்வளவு நிதானமாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்று தளங்கள் இருக்கின்றன. இரண்டாம் தளத்தில் விளையாட்டின் வரலாறு காலவரிசையில் செல்கிறது. இலத்தீன் அமெரிக்க நாடுகளின் பேஸ்பாலுக்கென்று தனிப் பகுதியும் அங்கேயே உண்டு. மூன்றாம் தளத்தில் சாதனைகள் பற்றிய காட்சிக்கூடம் இருக்கிறது. தரைத்தளத்தில்தான் பலகைக்கூடம். ஓக் மரச் சுவர்களில், 350ஐத் தாண்டிய வெண்கலப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு முகமும் சில வரிகளுமாக, தேர்வான ஆண்டு வரிசைப்படி பதிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலோர் மேலே தொடங்கி இந்தக் கூடத்தில் முடிக்கிறார்கள். நாங்கள் அவசரப்பட்டு நேரே இங்கே வந்துவிட்டோம், அது நல்லதாகவே அமைந்தது.

2019ஆம் ஆண்டின் ஆறு பலகைகள் ஓரிடத்தில் இருக்கின்றன. ராய் ஹாலடே, எட்கர் மார்ட்டினெஸ், மைக் முசினா, ஹெரால்ட் பெய்ன்ஸ், லீ ஸ்மித், மரியானோ ரிவேரா. ஹாலடே, முசினா இருவரின் தொப்பிகளிலும் எந்த அணியின் சின்னமும் இல்லை. இரண்டு அணிகளில் பிரிந்து கிடந்த வாழ்க்கைக்கு அப்படி ஒரு மரியாதை. ரிவேராவின் தொப்பியில் யாங்கீஸ் சின்னம் இருக்கிறது, அவருக்கு வேறு அணியே இருந்ததில்லை. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மகள் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்பா, பக்கத்துல இருக்கிற முசினா மூவாயிரத்து ஐந்நூறு இன்னிங்ஸுக்கு மேல போட்டிருக்காரு. இவரு ஆயிரத்து இருநூத்திச் சொச்சம்தான். அவருக்கு எழுபத்தாறு சதவீத ஓட்டு, இவருக்கு மட்டும் எப்படி நூறு?”

அன்றைய நாள் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் சுற்றினோம். கணக்கு சரியானது. முசினா 3,562 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 270 வெற்றிகள் பெற்றவர். ரிவேரா வீசியது 1,283 இன்னிங்ஸ்தான். 2019 ஜனவரியில் வாக்களித்த பத்திரிகையாளர்கள் 425 பேரும் ரிவேராவின் பெயரை எழுதினார்கள். அதற்கு முன்பு எவருக்கும், 1936இல் தேர்வான பேப் ரூத்துக்கும்கூட, அப்படி நேர்ந்ததில்லை. அதற்குப் பின்னும் இல்லை. 2020இல் யாங்கீஸ் அணியில் ரிவேராவுடன் ஆடிய டெரக் ஜீட்டரும், 2025இல் இச்சிரோ சுசூகியும் ஆளுக்கொரு வாக்கில் அதைத் தவறவிட்டார்கள்.

பேஸ்பாலைப் பார்த்துப் பழகாத வாசகர்களுக்காக இந்த வேலையைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும், தங்களில் மூன்று பேர் ஆட்டமிழக்கும்வரை, ஒன்றன்பின் ஒன்றாக மட்டை பிடிக்கும். ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசிக் களைத்த பிறகு, மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்ற அடைப்பில் காத்திருக்கும் ரிலீஃப் பந்துவீச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். புல்பென்னில் ஒரு தொலைபேசி இருக்கும். அது ஒலித்தால் எழுந்து கையைச் சூடேற்ற வேண்டும். சூடேற்றிய பிறகு கூப்பிடாமலும் போகலாம். கடைசியாக வருபவர் குளோசர். அணி மூன்று ஓட்டங்களுக்கு மிகாத முன்னிலையில் இருக்கும்போது வந்து, ஒரு முழு இன்னிங்ஸாவது வீசி, முன்னிலையை இழக்காமல் ஆட்டத்தை முடித்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ எழுதுவார்கள். வேறு சில நிபந்தனைகளிலும் சேவ் கிடைக்கும், ஆனால் அடிப்படை இதுதான். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்துக்கொடுத்த இந்தக் கணக்கை 1969இல்தான் அதிகாரப்பூர்வமாக ஏற்றார்கள். கிரிக்கெட்டில் இருபதாவது ஓவரை வீசுகிறவரை நாம் அறிவோம். அந்த ஒரு ஓவருக்காக மட்டும் அணியில் ஒருவரை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு அறுபது எழுபது இரவுகள் அவரை அந்த நிலையில் நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இந்த வேலையின் பாரம் ஓரளவு விளங்கும்.

இந்த வேலைக்குப் புகழரங்கம் கதவைத் திறந்ததே தாமதமாகத்தான். முதலில் உள்ளே வந்தவர் ஹாய்ட் வில்ஹெல்ம், 1985இல். அவருடைய பலகை முன்னால் எல்லோரும் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்பேன். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று, பதக்கம் பெற்று, 29 வயதில்தான் அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பாலான பெரிய லீகுக்கு வந்தவர் அவர். சுழலாமல் மிதந்து வரும் நக்கிள்பால் என்ற ஒரே பந்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஐம்பது வயது வரை ஆடி, ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டிய முதல் பந்துவீச்சாளர் ஆனார். 1952இல் மட்டையோடு முதன்முதலாக நின்றபோது ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) அடித்தார், அதன் பிறகு வாழ்நாளில் இன்னொன்று அடிக்கவே இல்லை. இதை நான் சொன்னபோது மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அதன் பிறகு அவளே ஒவ்வொரு ரிலீஃப் பந்துவீச்சாளரின் பலகையாகத் தேடத் தொடங்கிவிட்டாள். ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காமலேயே இங்கே வந்த முதல் பந்துவீச்சாளரான புரூஸ் சட்டரை தாடியை வைத்து அடையாளம் கண்டாள். ரோலி ஃபிங்கர்ஸைக் கண்டுபிடிக்க முறுக்கு மீசையே போதுமானதாக இருந்தது. லீ ஸ்மித் 478 சேவ்களோடு ஓய்வு பெற்றபோது அதுவே உலகச் சாதனை. இருந்தும் பத்திரிகையாளர்களின் வாக்குச்சீட்டில் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து தோற்று, பிறகு தனிக் குழுவின் மூலமே ரிவேராவோடு ஒரே மேடையில் ஏறினார். இந்தத் தொழிலின் மீது வாக்காளர்களுக்கு எவ்வளவு சந்தேகம் இருந்தது என்பதற்கு அவருடைய காத்திருப்பே சான்று. அதே வாக்காளர் கூட்டம் ரிவேரா விஷயத்தில் ஒருவர்கூட விலகாமல் கைதூக்கியது என்பதால்தான் மகளின் கேள்வி எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அதற்குப் பாதிப் பதிலை மேல்தளங்கள் தருகின்றன. இலத்தீன் அமெரிக்கப் பகுதியில் நடக்கும்போது ரிவேராவின் ஊர் மனதில் வந்துகொண்டே இருக்கும். பனாமாவின் புவர்ட்டோ கைமிட்டோ ஒரு மீனவ ஊர். தந்தை மீன்பிடிப் படகின் தலைவர். மகனும் அந்தப் படகில் உழைத்தவர். பிள்ளைகள் பால் அட்டைப்பெட்டிகளை வெட்டிக் கையுறை செய்தார்கள், மரக்கிளையை மட்டையாக்கினார்கள், கிழிந்த வலைத் துண்டுகளை உருட்டி ஒட்டுநாடா சுற்றிப் பந்தாக்கினார்கள். உள்ளூர் அணியில் அவர் பந்துவீச்சாளர்கூட அல்லர், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற களத்தடுப்பாளர். ஒருநாள் அணியின் பந்துவீச்சாளர் சரியாக வீசாததால் தானே முன்வந்து வீசினார். 1990 பிப்ரவரியில் யாங்கீஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்த தொகை 2,500 டாலர். 1992இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. 1995 மே 23 அன்று பெரிய லீகில் முதல் ஆட்டம், அதுவும் தொடக்கப் பந்துவீச்சாளராக. மூன்று இன்னிங்ஸுக்குச் சற்று மேல் வீசி ஐந்து ஓட்டங்கள் கொடுத்தார், அணி 10-0 என்று தோற்றது. தொடக்கப் பந்துவீச்சாளராக நிலைக்க முடியாமல் போனதால்தான் அவர் புல்பென்னுக்கு வந்தார். ரிலீஃப் பந்துவீச்சாளர்களில் பெரும்பாலோரின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1996இல், அப்போதைய குளோசரான ஜான் வெட்டலண்டுக்கு முன்னால் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களை வீசி 130 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (பந்தைக் களத்துக்குள் அடிக்கவிடாமலேயே ஆட்டமிழக்கச் செய்வது) செய்த பிறகு, 1997இல் கடைசி இன்னிங்ஸ் அவர் கைக்கு வந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதம், சக பனாமாக்காரரான ரமிரோ மெண்டோசாவுடன் ஆட்டத்துக்கு முன் பந்தை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நேராக வீசிய பந்து கடைசி நொடியில் விலகத் தொடங்கியது. மெண்டோசாவால் பிடிக்க முடியவில்லை. ரிவேரா பிடியை மாற்றவில்லை. பயிற்சியாளரோடு சேர்ந்து அந்த விலகலைச் சரிசெய்யத்தான் முதலில் முயன்றார், முடியாமல் போனதும் ஏற்றுக்கொண்டார். அதுதான் கட்டர். நான்கு தையல்களின் குறுக்கே விரல்களை வைத்து, நடுவிரலால் சற்று அழுத்தி வீசும் வேகப்பந்து. மட்டையாளர் மட்டையை வீசத் தொடங்கிய பிறகு சில அங்குலங்கள் மட்டும் திரும்பும். இடதுகை மட்டையாளருக்கு அது மட்டையின் கொழுத்த பகுதியைத் தவிர்த்துக் கைப்பிடிக்கு அருகே வந்து மோதும், மட்டை உடையும். பெரிய லீகின் வெற்றியாளரை முடிவு செய்யும் உலகத் தொடரில், 1999இன் நான்காவது ஆட்டத்தில் அட்லாண்டாவின் ரையன் கிளெஸ்கோ ஒரே முறை மட்டையோடு நின்று மூன்று மட்டைகளை உடைத்துக்கொண்டார். இந்த ஒரே பந்தை வைத்துக்கொண்டு, இன்னது வரப்போகிறது என்று எதிரிக்கு முழுமையாகத் தெரிந்த நிலையில், பதினேழு ஆண்டுகள் ஒருவர் ஆட்டங்களை முடித்துக்கொண்டே இருந்தார் என்பதை நான் பல ஆண்டுகள் பார்த்தும் எனக்கு வியப்பு குறையவில்லை. 652 சேவ்கள் என்ற அவருடைய எண்ணை இன்றுவரை எவரும் தொடவில்லை.

ஆனால் என் மகளுக்குப் பதிலாக அமைந்த எண் அதுவல்ல. பருவம் முடிந்து அக்டோபரில் நடக்கும் பிந்தைய சுற்று ஆட்டங்களில் ரிவேரா வீசியது 141 இன்னிங்ஸ். களத்தடுப்புப் பிழைகளால் வந்தவை நீங்கலாக, அத்தனையிலும் அவர் கணக்கில் எழுதப்பட்ட ஓட்டங்கள் 11. நிலவில் கால் வைத்த மனிதர்கள் 12 பேர். சாதாரணப் பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.21 ஓட்டம் என்றிருந்த அவருடைய சராசரி, நாட்டிலேயே சிறந்த அணிகளை மட்டும் எதிர்கொண்ட அக்டோபரில் 0.70 ஆகக் குறைந்தது. எல்லோருக்கும் கை நடுங்கும் இடத்தில் இவருடைய கை இன்னும் உறுதியாயிற்று. வாக்களித்த 425 பேரும் இன்னிங்ஸ்களின் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு அவை எந்த நேரத்து இன்னிங்ஸ்கள் என்று பார்த்தார்கள் என்பதே என் எண்ணம்.

வெண்கலப் பலகை என்ற வடிவத்துக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. அது வென்றவற்றைச் சொல்லும். ஒரு குளோசரின் வாழ்க்கையில் தோல்விகளுக்கு உள்ள இடத்தை அங்கே எழுத முடியாது. தொடக்கப் பந்துவீச்சாளர் தோற்றால் அணி மீள இன்னும் நேரம் இருக்கும். குளோசர் தோற்றால் விளக்கணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே போகிறவர்கள் முன்கூட்டியே இரண்டு பழைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

முதலாவது, 2001 நவம்பர் 4 அன்று அரிசோனாவில் நடந்த உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். யாங்கீஸ் 2-1 என்று முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா மூன்று பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். ஒன்பதாவதில் அரிசோனாவின் மார்க் கிரேஸ் ஒரு பந்தைத் தட்டி முதல் தளத்துக்கு, அதாவது ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு ‘பேஸ்’களில் முதலாவதற்கு, போனார். அடுத்து வந்தவர் பந்தை மெதுவாக முன்னே தள்ளியபோது, ரிவேரா அதை எடுத்து இரண்டாம் தளத்துக்கு எறிந்த எறி தவறியது. அவர் வாழ்க்கையில் மிக அரிதாக நிகழ்ந்த தவறு. டோனி வொமாக்கின் அடியில் ஆட்டம் சமமானது. கடைசியில் லூயிஸ் கொன்சாலஸ். அவருக்கு வந்த கட்டர் ஒரு குறையும் இல்லாத கட்டர்தான். கைப்பிடிக்கு அருகே மோதிப் பந்து வலுவிழந்து மேலெழுந்தது. ஆனால் வெற்றி ஓட்டத்தைத் தடுக்க உள்வட்டக் களத்தடுப்பாளர்கள் முன்னே இழுத்து நிறுத்தப்பட்டிருந்ததால், வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் ஜீட்டர் பிடித்திருக்கக்கூடிய பந்து அவர் தலைக்கு மேலே போய்ப் புல்லில் விழுந்தது. வீசியவர் தன் வேலையைச் சரியாகச் செய்தும் உலகத் தொடர் கைவிட்டுப் போகும் தொழில் இது என்பதை அந்த ஒரு பந்து காட்டிவிடுகிறது.

இரண்டாவது, 2003இல் பாஸ்டனுக்கு எதிரான, வென்ற அணி உலகத் தொடருக்குப் போகும் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். இதில்தான் மகளின் கேள்வியில் வந்த முசினாவும் இருக்கிறார். வாழ்நாளில் அதுவரை ஒருமுறைகூட ரிலீஃபாக வந்திராத அவர், நான்காவது இன்னிங்ஸில், முதல் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் எதிரணியினர் நிற்க, ஒருவரும் ஆட்டமிழக்காத நிலையில் உள்ளே வந்தார். ஒரு ஓட்டமும் கொடுக்காமல் அந்த இன்னிங்ஸை முடித்து, மேலும் இரண்டு இன்னிங்ஸும் காத்துக் கொடுத்தார். 3,562 இன்னிங்ஸ் வீசிய அவருடைய வாழ்க்கையில் யாங்கீஸ் ரசிகர்கள் இன்றும் முதலில் நினைவுகூர்வது அந்த மூன்றைத்தான். பிறகு ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று இன்னிங்ஸ்களை ரிவேரா வீசினார். பதினொன்றாவதில் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து அணி வென்றபோது, எல்லோரும் அவரை நோக்கி ஓட, ரிவேரா மட்டும் பந்துவீசும் மேட்டுக்கு ஓடி அதன்மேல் விழுந்து அழுதார். காரில் போகும்போது மகளுக்கு இதைக் காட்டியிருந்தால் அவள் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டாள். கேட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இறுதிக் காலத்தையும் சொல்ல வேண்டும். 2012 மே 3 அன்று கான்சஸ் சிட்டியில், ஆட்டத்துக்கு முன், தன் வழக்கப்படி வெளிக்களத்தில் உயர்ந்து வரும் பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது முழங்கால் தசைநார் அறுந்தது. வயது 42. அத்தோடு முடிந்தது என்றே நான் நம்பினேன். அடுத்த ஆண்டு திரும்பி வந்து 44 சேவ்கள் எடுத்தார். அந்த விடைபெறும் பருவத்தில் ஒவ்வொரு ஊருக்குப் போகும்போதும், அங்கே நுழைவுச்சீட்டு கிழிப்பவர்கள், சமையல் செய்பவர்கள், புல்தரையைப் பராமரிப்பவர்கள் போன்ற ஊழியர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். மினசோட்டா அணி உடைந்த மட்டைகளைக் கொண்டு ஓர் ஆடும் நாற்காலி செய்து அவருக்குப் பரிசளித்தது. 2013 செப்டம்பர் 26 அன்று யாங்கீ மைதானத்தில் கடைசி ஆட்டம். அணி 4-0 என்று பின்தங்கியிருந்தது, காப்பாற்ற முன்னிலை எதுவும் இல்லை. இருந்தும் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்தார். அவரை வெளியே அழைக்க மேலாளர் வரவில்லை. பல ஆண்டுகள் உடன் ஆடிய ஆண்டி பெட்டிட்டும் டெரக் ஜீட்டரும் நடந்து வந்தார்கள். பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அவர் அழுததை என் வீட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டே பார்த்தேன். அவர் அணிந்திருந்த 42ஆம் எண், கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்திருந்த பெரிய லீகின் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் நினைவாக 1997இலேயே எல்லா அணிகளிலும் ஓய்வளிக்கப்பட்ட எண். அப்போதே அதை அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்ற விதிவிலக்கில் இருந்த கடைசி ஆள் இவர்தான். மேல்தளத்தில் ராபின்சனைப் பற்றிப் படித்துவிட்டுக் கீழே வந்து ரிவேராவைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொடர்பு தானாகவே மனதில் ஒட்டிக்கொள்ளும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயில் கிடையாது, கார்தான் வழி. கடைசி அரை மணி நேரம் மலைச்சாலை என்பதால் இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். ஜூலை மாதச் சேர்ப்பு விழா வார இறுதியில் ஊரே நிரம்பிவிடும், பலகைகளை நின்று படிக்க நினைப்பவர்கள் அதைத் தவிர்த்து வாரநாளில் போவது நல்லது. முழுமையாகப் பார்க்க ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் மதியம் போன ஓர் உணவகத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து பாதிச் சூடான சாப்பாடு கிடைத்தது. அடுத்த முறை புளியோதரை கட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதாக இருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் எல்லாவற்றையும் காட்ட முயலாமல், ஒரு தொழிலையோ ஓர் அணியையோ மட்டும் தேர்ந்து அதைத் தேடச் சொல்லுங்கள்.

என் மகள் ரிலீஃப் பந்துவீச்சாளர்களைத் தேடினாள். வில்ஹெல்ம், ஃபிங்கர்ஸ், எக்கர்ஸ்லி, சட்டர், காசேஜ், ஹாஃப்மன், ஸ்மித், ரிவேரா என்று எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். மூடும் நேரம் நெருங்கியபோது ஒன்பதாமவரான பில்லி வாக்னரை, முந்தைய மாதம்தான் பதித்த 2025ஆம் ஆண்டுப் பலகைகளுக்கு நடுவே கண்டுபிடித்தாள். சிறுவயதில் வலது கையை இரண்டு முறை உடைத்துக்கொண்டதால் இடது கையால் வீசக் கற்று, பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில் தேர்வானவர் அவர். அதைக் கேட்டுவிட்டு அவள் தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு கூடத்தின் மறுபக்கம் நடந்து, ரிவேராவின் பலகை முன்னால் நின்று, பையிலிருந்த பந்தை எடுத்து நடுவிரலை அழுத்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை.